தெக்கே மாறி நில்லு! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் கண்ணும் இடவுணர்வும். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு ஓர் உளவியலாளரும் ஒரு கண் ஒளியியல் வல்லுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கல்யாணமாகி சென்னைக்கு வந்து மூணு வருஷம். "அந்த டம்ளரைக் கொஞ்சம் தெக்கே தள்ளி வைங்க" என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். இடது, வலது சொல்ல எனக்கு ஒரு நொடி யோசனை வேண்டியிருக்கிறது. இது ஏதாவது குறையா?
– வாசகி, மார்த்தாண்டம் (இப்போது சென்னை)

குறை இல்லை, கணக்கு வேறு. இடதும் வலதும் உடம்போடு ஒட்டியவை. நீங்கள் திரும்பினால் அவையும் திரும்பும். தெக்கும் வடக்கும் உலகத்தோடு ஒட்டியவை. நீங்கள் எத்தனை சுற்று சுற்றினாலும் டம்ளருக்குத் தெக்கு மாறாது. அடுக்களைக்குள் நின்று ஒருவர் யோசிக்காமல் 'தெக்கே' என்கிறார் என்றால், திசைக் கணக்கு அவர் தலைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு வடக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சனும் குழுவினரும் 1990களில் இதைப் பல மொழிகளில் ஆராய்ந்தார்கள். தமிழும் அதில் உண்டு. எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் பார்த்தபோது, கிராமத்தவர்கள் மேசைமேல் கிடக்கும் சின்னப் பொருளுக்கும் திசை சொன்னார்கள். நகரத்தவர்கள் இடது வலது சொன்னார்கள். அந்தக் குழு பயன்படுத்திய சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒருவரை மேற்கு பார்த்து ஒரு மேசை முன் நிறுத்துங்கள். யானை, மாடு, கோழி என்று மூன்று பொம்மைகளை ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றும் வடக்கு பார்க்கும்படி (அவருடைய வலது கைப் பக்கம்) வையுங்கள். பார்த்து முடித்ததும் எடுத்துவிட்டு, அரை நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள். பிறகு அவரை முழுக்கத் திருப்பி, எதிர்ப்பக்கம் உள்ள இன்னொரு மேசையில் "அதே மாதிரி வை" என்று மட்டும் சொல்லுங்கள். உடம்புக் கணக்குக்காரர் மறுபடியும் தன் வலப்பக்கம் பார்க்க வைப்பார். அது இப்போது தெற்கு. திசைக் கணக்குக்காரர் வடக்கே பார்க்க வைப்பார். அது இப்போது அவருடைய இடப்பக்கம். பொம்மைகளின் வரிசையை மாற்றி மாற்றி ஐந்து முறை செய்தால்தான் போக்கு தெரியும். 'வலது', 'வடக்கு' என்ற சொற்கள் உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் சோதனை கெட்டது. பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். இதை வைத்து 'மொழி மூளையைப் பூட்டிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. தேவைப்பட்டால் எல்லோருக்கும் இரண்டு கணக்கும் வரும். பழகினது முன்னால் வரும், அவ்வளவுதான்.

சென்னையில் ஆட்டோ ஓட்டுநரிடம் சட்டென்று சொல்ல வேண்டுமானால் சோத்தாங்கைப் பக்கம் என்று மனசுக்குள் நினைத்து, வாயில் 'வலது' என்று சொல்லுங்கள். சாப்பிடுகிற கை நினைவுக்கு வருவதற்கு நேரம் பிடிக்காது.

ஒரு துணுக்கு. கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்தும் மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் வந்தவை. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரியும் தமிழ் நிலத்தில் பிறந்த சொற்கள். உங்கள் ஊரில் மலை வடகிழக்கே. குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்துக்கு, மேற்குக் கடலைப் பார்த்து இறங்குகிறது. சொல் 'மேல்' என்கிற பக்கம் தண்ணீர் கீழே போகிறது!

நாங்கள் பிறந்ததிலிருந்து 'கடல் மேற்கே' என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூட மேப்பில் எங்கள் ஊருக்குக் கடல் தெற்கே இருக்கிறது. யார் சரி?
– மாணவர், மணவாளக்குறிச்சி

மேப். கன்னியாகுமரியிலிருந்து கொளச்சல் வரை கரை ஏறக்குறைய கிழக்கு-மேற்காகக் கிடந்து, மெல்ல மெல்ல வடக்கே ஏறுகிறது. உங்கள் ஊரில் நேரே கடலைப் பார்த்து நின்றால் முகம் தெற்கிலிருந்து கொஞ்சம்தான் மேற்கே திரும்பியிருக்கும். ஆனால் 'அரபிக்கடல் மேற்குக் கடல்' என்ற பெரிய கணக்கு உள்ளே இருப்பதால் மனது கரையை வடக்கு-தெற்காக நிமிர்த்தி வைத்துக்கொள்கிறது. சாய்ந்ததை நேராக்கி நினைவில் வைக்கும் இந்தப் பழக்கத்தை பார்பரா ட்வெர்ஸ்கி 1981-இல் சோதனைகளால் காட்டினார்.

இதே ரகத்தில் இன்னொன்று. கேரளம் தமிழ்நாட்டுக்கு மேற்கே என்பதால் அங்குள்ள ஊரெல்லாம் இங்குள்ள ஊருக்கு மேற்கே என்று நினைத்துவிடுகிறோம். மூணாறு ஊட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. நாகர்கோவிலும் டெல்லிக்குக் கொஞ்சம் கிழக்கேதான். மேப்பை எடுத்துப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கினால் சில நாள் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போகிற ரோடு எதிர்ப்பக்கம் போகிற மாதிரி. தெரிந்த ஊரிலேயே ஏன்?
– வாசகர், ஒழுகினசேரி

1894-லேயே ஆல்ஃப்ரட் பினே இந்தத் 'திசை புரளல்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. காரணத்தின் ஒரு துண்டு 1984-இல் கிடைத்தது. ஜேம்ஸ் ராங்க் எலி மூளையில், தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்க்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார். இது காந்த ஊசி அல்ல. கண்ணில் படும் அடையாளங்களையும், உட்காதில் பதியும் திருப்பங்களையும் வைத்து ஓடும் கணக்கு. தூங்கும்போது பஸ் திரும்பிய திருப்பங்கள் கணக்கில் ஏறுவதில்லை. விழித்ததும் முதலில் கண்ட ஏதோ ஒரு கடையை வைத்து மூளை அவசரமாக வடக்கைக் குத்திவிடுகிறது. தப்பாகக் குத்தினாலும் அதோடு மற்ற எல்லாம் சேர்ந்து சுழன்று நிற்பதால் உள்ளே முரண்பாடு தெரியாது. அதனால்தான் 'இல்லை, இது வடக்கு' என்று அறிவு சொன்னாலும் உணர்வு அசையாது.

அதோடு சண்டை போடாதீர்கள். பஸ் நிலையத்துக்கு நீங்கள் வழக்கமாக நடந்து நுழையும் வாசலுக்குப் போய், வெளியே பத்தடி நடந்து, மறுபடி உள்ளே பார்த்துத் திரும்புங்கள். பழகிய நுழைவுக் காட்சி கிடைத்ததும் பெரும்பாலும் சட்டென்று நேராகிவிடும். அடுத்த முறை வெள்ளமடம் தாண்டுவதற்குள் விழித்துக்கொள்ள முடிந்தால் இந்தத் தொல்லையே வராது.

சூரியனை நம்பலாம், ஆனால் உச்சிப்பொழுதில் இரண்டு முறை யோசித்து. 'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று பாடத்தில் படித்தது நாகர்கோவிலில் ஏறக்குறைய ஏப்ரல் 11 முதல் ஆகஸ்ட் கடைசி வரை செல்லாது. அந்த மாதங்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். உதயமும் அப்படியே: ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து 23 டிகிரிக்கு மேல் வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே.

எங்க பாட்டா ஜி.பி.எஸ். இல்லாமலே கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத்திட்டை, நாங்கள் 'பார்' என்பதை, கண்டுபிடித்து நங்கூரம் போடுவார். "கோயில் கோபுரமும் மலையும் ஒண்ணாச்சு, இந்தப் பக்கம் அதுவும் ஒண்ணாச்சு" என்பார். வெறும் கண்ணால் இவ்வளவு துல்லியம் எப்படி?
– இளைஞர், கொளச்சல்

இந்த மாதம் வந்ததில் எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி.

மனிதக் கண் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய, அவற்றுக்கிடையே ஏறக்குறைய 60 கோண விநாடி இடைவெளி வேண்டும் (ஒரு டிகிரி என்பது 3,600 விநாடி). ஆனால் ஒரு கோட்டின் மேல்பாதியும் கீழ்பாதியும் நேராக இருக்கின்றனவா, விலகி இருக்கின்றனவா என்று கேட்டால், நல்ல வெளிச்சத்தில் 5 முதல் 10 விநாடி விலகலைக்கூடக் கண் பிடித்துவிடும். வெர்னியர் அளவுகோல் இந்தத் திறமையை நம்பித்தான் வேலை செய்கிறது. உங்கள் பாட்டா தூரத்தைக் கணிக்கவில்லை. தூரக் கணிப்பில் மனிதக் கண் சுமார்தான். கண் எதில் கெட்டியோ அந்த வேலையை, நேர் பார்க்கிற வேலையை, அதனிடம் கொடுத்திருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வள்ளம் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, கரையில் கோபுரம், அதற்கு 1 கிலோமீட்டர் பின்னால் இன்னொரு அடையாளம். வள்ளம் 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய 70 விநாடி விலகும். பின் அடையாளம் 20 கிலோமீட்டர் பின்னால் உள்ள மலைமுகடாக இருந்தால் அதே 10 மீட்டருக்கு 330 விநாடி விலகும். ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால்தான் முன்னால் ஒல்லியான ஒன்று, பின்னால் எட்டத்தில் ஒன்று என்று சேர்க்கிறார்கள். வள்ளம் ஆடும்போது 10 விநாடித் துல்லியம் கிடைக்காதுதான். 70 கஷ்டப்பட்டுக் கிடைக்கும். 330 தாராளமாகக் கிடைக்கும்.

ஒரு ஜோடி ஒரு கோட்டைத்தான் தரும். அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதை இரண்டாவது ஜோடி சொல்லும். இரண்டு கோடுகளும் செங்கோணத்துக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும். 20 டிகிரியில் வெட்டினால் பிழை ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும்: 10 மீட்டர் பிசகு 30 மீட்டராகும், நங்கூரம் பாருக்கு வெளியே மணலில் விழும்.

எங்கே தவறும் என்றால், ஒன்று தூரம். கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே உள்ள கண்ணுக்கு அடிவானம் 5 கிலோமீட்டர். 15 கிலோமீட்டர் உள்ளே போனால் கரையில் ஏறக்குறைய 8 மீட்டர் உயரம் வரை கடலுக்குக் கீழே மறைந்துபோகும். ஓட்டு வீட்டை அடையாளமாக வைத்தவர் அங்கே ஏமாறுவார். இரண்டு, மூட்டம்: மலை தெரியாத நாளுக்கு மாற்று ஜோடி வேண்டும். மூன்று, கரை மாறுகிறது. புதுக் கட்டடமும் செல்போன் கோபுரமும் பழைய அடையாளத்தை மறைக்கின்றன.

பாட்டா கடலுக்குப் போகும் காலத்திலேயே ஒவ்வொரு பாருக்கும் போய், அவர் 'ஒண்ணாச்சு' என்று சொல்லும் கணத்தில் இரண்டு ஜோடிகளையும் போனில் படமெடுங்கள். சாதாரணப் படத்தில் மலை எறும்பாகிவிடும்; மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். ஜி.பி.எஸ். எண்ணையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். பாருக்கு அவர் வைத்திருக்கும் பெயரையும்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக வரும்போது காற்றாலை இறக்கை திடீரென்று எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி தெரிகிறது. காற்று மாறினதா?
– வாசகர், தோவாளை

காற்று மாறவில்லை. 1860-இல் சின்ஸ்டெடன் என்பவர் அந்தி வானத்துக்கு எதிரே கருநிழலாகத் தெரிந்த ஒரு காற்றாலையில் இதைக் கவனித்து எழுதினார். 'சின்ஸ்டெடன் காற்றாலை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பக்கவாட்டில் பார்க்கும்போது இறக்கை வட்டம் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் வலது விளிம்பு உங்களுக்குப் பக்கமா, இடது விளிம்பா? பகலில் வெயில்படும் பக்கமும் தூணின் தலையில் உள்ள பெட்டியும் பதில் சொல்லிவிடும். அந்தியில் வெறும் நிழலுருவத்துக்கு இரண்டு பதிலும் சமம். மூளை ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது, சற்று நேரத்தில் மற்றதற்குத் தாவுகிறது. விளிம்பு தாவினால் 'மேலே உள்ள இறக்கை என்னை நோக்கி வருகிறது' என்பதும் 'விலகிப் போகிறது' என்று மாறியாக வேண்டும். சுழற்சி புரண்ட உணர்வு அங்கிருந்து வருகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் புரளாது.

வேண்டுமென்றே வரவழைக்க: சூரியன் விழுந்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஏறக்குறைய பக்கவாட்டில் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நடு அச்சை மட்டும் அரை நிமிடம் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர் இதைச் செய்ய வேண்டாம்.

மகள் பாலிடெக்னிக் முதலாண்டு. இன்ஜினியரிங் டிராயிங்கில் முன்தோற்றம், மேல்தோற்றம் என்றால் அழுகிறாள். "பொம்பளப் பிள்ளைகளுக்கு இது வராது" என்று ஒருவர் சொல்லிவிட்டார். பயிற்சியால் வருமா?
– தாய், கோணம்

வரும். டேவிட் அட்டலும் குழுவினரும் 2013-இல் 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடத்திறன் பயிற்சியால் (பொருளின் வடிவத்தையும் இருப்பையும் மனத்தில் பிடிக்கப் பழகுவதால்) சராசரி முன்னேற்றம் 0.47 திட்ட விலக்கம். அதாவது நூறு பேரில் 50-ஆவதாக நின்றவர் ஏறக்குறைய 32-ஆம் இடத்துக்கு ஏறுகிற அளவு. மனத்துக்குள் பொருளைச் சுழற்றும் சோதனைகளில் ஆண்களின் சராசரி கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. நேரக் கெடுவைத் தளர்த்தினால் அந்த வித்தியாசம் குறைகிறது. அது சராசரியைப் பற்றிய சேதி. உங்கள் மகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்லின் மெட்ஸ்லரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். இரண்டு கட்டை உருவங்கள் ஒன்றா என்று சொல்ல ஆகும் நேரம், அவற்றுக்கிடையே உள்ள கோணத்துக்கு ஏற்ப நேர்கோட்டில் கூடுகிறது. மனது பொருளை உண்மையிலேயே திருப்புவது போலத்தான் நேரம் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் கையால் திருப்பிப் பழகுவதுதான் வழி.

துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்று வாங்குங்கள். 6 × 4 × 4 சென்டிமீட்டர் கட்டையாக நறுக்கி, மூன்று பக்கங்களில் ஊசியால் மு, மே, ப என்று கீறுங்கள். ஒரு மூலையில் 2 சென்டிமீட்டர் படி ஒன்று வெட்டி எடுங்கள். கட்டையை மேசையில் சாய்வாக வைத்து, *தொடாமல்* மூன்று தோற்றங்களையும் வரையச் சொல்லுங்கள். பிறகு கையை நீட்டிக் கட்டையைக் கண் மட்டத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு பக்கமாக நேரே பார்த்துப் படத்தைத் திருத்த வேண்டும். வரைந்த பிறகு பார்ப்பதில்தான் பலன். பார்த்துக்கொண்டே நகல் எடுத்தால் கை பழகும், மனது பழகாது. இரண்டாவது வாரம் சாய்வு வெட்டு, மூன்றாவது வாரம் துளை. நாளுக்கு 20 நிமிடம், ஆறு வாரம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது.

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு: தோற்றத்தை எங்கே வைப்பது. நம் நாட்டுப் பாடத்தில் முதல் கோண முறை. பொருள் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பதாகக் கொள்வதால், மேலிருந்து பார்த்த தோற்றம் *கீழே* வரும். இடப்பக்கமிருந்து பார்த்தது *வலப்பக்கம்* வரும். மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழம்பும். செருப்புப் பெட்டியின் ஒரு மூலையை வெட்டி எடுங்கள்: பின்சுவர், தரை, பக்கச்சுவர் மூன்றும் சேர்ந்த மூலை. சோப்பை அதற்குள் வைத்து, டார்ச்சை எதிரிலிருந்து அடித்தால் நிழல் பின்சுவரில், மேலிருந்து அடித்தால் தரையில், இடமிருந்து அடித்தால் வலச்சுவரில். நிழல்களைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பெட்டியைத் தட்டையாக விரியுங்கள். எந்தத் தோற்றம் எங்கே என்பது தானே விளங்கும். நிழலில் உள்விவரம் வராது; மறைந்த விளிம்புகளைப் பிறகு விட்டுவிட்டு வரும் கோடாகச் சேர்க்க வேண்டும்.

ஐசோமெட்ரிக் படத்தில் (மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் சாய்வுப் படத்தில்) கட்டை குழிவாகவும் குவிவாகவும் மாறி மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோட்டுக் கனசதுரம் எல்லோருக்கும் அப்படித்தான் தாவும், நெக்கர் 1832-இலேயே எழுதியிருக்கிறார். மேல்முகத்தை மட்டும் லேசாகப் பென்சிலால் நிழலடித்தால் நின்றுவிடும்.

ஆறு மாதம் முன்னால் ஒரு கண்ணில் பார்வை போனது. ரப்பர் பால்வெட்டுதான் தொழில். கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று பிடிபடவில்லை, மரத்தில் காயம் விழுகிறது. தொழிலை விட வேண்டியதுதானா?
– தொழிலாளி, குலசேகரம்

விட வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6.3 சென்டிமீட்டர். இரண்டும் காணும் படங்களின் சிறு வித்தியாசத்தை மூளை ஆழமாக மாற்றுகிறது. 1838-இல் வீட்ஸ்டோன் இதைக் காட்டினார். போனது அந்த ஒரு வழி. அது பெரிதும் உதவுவது கைக்கெட்டும் தூரத்தில் என்பதால் வெட்டு வேலையில்தான் முதலில் வலிக்கும். மற்ற வழிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தலைமேல் ஏற்றிவிட வேண்டும். மூளை பழகப் பல மாதங்கள் ஆகும்.

முதல் வழி, தலையசைவு. கத்தி வைக்கும் முன் தலையைப் பக்கவாட்டில் ஒரு கையகலம் அசையுங்கள். பக்கத்தில் உள்ளது கூட நகரும், பின்னால் உள்ளது குறைய நகரும். மற்றவர்கள் ஒரே சமயத்தில் பெறும் இரண்டு படத்தை நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெறுகிறீர்கள்.

இரண்டாவது, ஹெட்லைட். விடியுமுன் வெட்டும்போது நெற்றி நடுவில் விளக்கு இருந்தால் ஒளி கண்ணை ஒட்டியே போகிறது. வெட்டுத் தடத்தின் நிழல் தெரியாது, பட்டை தட்டையாகத் தோன்றும். விளக்கைப் பார்வையுள்ள கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக, காதுக்கு மேலே நகர்த்துங்கள். தடத்தின் விளிம்பில் நிழல் விழும்; நிழலின் அகலம்தான் இனி உங்கள் ஆழமானி.

மூன்றாவது, கை. மரத்தின் வளரும் படலத்துக்கு வெளியே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டை நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சீவி விழும் பட்டையின் கனத்தை விரலால் தடவிப் பாருங்கள். சீராக இருந்தால் கை சரி. முதல் சில வாரம், வெட்டி மாற்றப் போகும் பழைய மரங்களில் பழகுங்கள்.

பார்வை போன பக்கத்தில் காட்சியின் ஓர் ஓரம் முழுசாகப் போயிருக்கும். பாதை கடக்கும்போதும் படி இறங்கும்போதும் அந்தப் பக்கம் தலையை முழுக்கத் திருப்புங்கள். டீ ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்றுங்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியம்: பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. பட்டைச் சீவலும் சுள்ளியும் தெறிக்கும் தோட்டத்தில் மிச்சமிருக்கும் கண்ணை வெறுமனே கொண்டுபோகக் கூடாது.

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் எழும் நிலா அண்டா மாதிரி இருக்கிறது. உச்சிக்கு வந்தால் தட்டு. போனில் எடுத்தால் இரண்டும் பொட்டு. எது நிஜம்?
– வாசகர், கொட்டாரம்

பொட்டுதான் நிஜம். நிலாவின் அகலம் வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி. அலுவலகப் பஞ்சிங் மெஷினால் ஒரு அட்டையில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, கண்ணிலிருந்து 66 சென்டிமீட்டரில் பிடித்தால் நிலா அந்தத் துளையை நிரப்பும். எழும்போதும் சரி, உச்சியிலும் சரி. தூரம் மாறிவிடாமல் இருக்க அட்டையில் ஒரு நூலைக் கட்டிப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள். கறாராகப் பார்த்தால் எழும் நிலாதான் 1.7 சதவீதம் சிறியது: உச்சியில் இருப்பதைவிட ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவுக்கு நம்மிடமிருந்து தள்ளி நிற்கிறது.

ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதில் பதில் சொல்லும் எங்கள் இருவருக்குள்ளும் ஒற்றுமை இல்லை. அடிவானம் எட்டத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்வதால், அதே அளவு படத்தைப் 'பெரிய பொருள்' என்று கணிக்கிறது என்பது காஃப்மனும் ராக்கும் 1962-இல் முன்வைத்த விளக்கம். ஒருவர் அதை ஏற்கிறார். இன்னொருவர் கேட்பது: அப்படியானால் அண்டா நிலா ஏன் எல்லோருக்கும் *பக்கத்தில்* இருப்பதாகத் தோன்றுகிறது? துளையட்டை வழியாகப் பார்த்துக் கடலையும் பாறையையும் மறைத்தால் அண்டா சுருங்கும் என்பதில் மட்டும் சண்டை இல்லை.

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தில் கால் வைத்ததும் உடம்பு ஆடுகிறது. கீழே கண்ணாடி கெட்டி என்று தெரியும். பிறகும் ஏன்?
– வாசகி, அஞ்சுகிராமம்

2024 டிசம்பர் 30 அன்று திறந்த பாலம்: 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பயம் மட்டும் காரணமல்ல. நிற்கும்போது எல்லோருடைய உடம்பும் சற்றே ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உள்ள பொருள்கள் கண்ணில் நகர்வதை வைத்து மூளை அதைத் திருத்துகிறது. எதிரே உள்ளது சில மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடும், ஆட்டம் கூடும். கண்ணாடிக்குக் கீழே அலை வேறு நகர்கிறது. மூளை அதை உங்கள் ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளும். கைப்பிடியை விரலால் தொட்டபடி, அது ஓரக்கண்ணில் தெரியும்படி, திருவள்ளுவர் சிலையின் பீடத்தைப் பார்த்து நடங்கள். நின்றுகொண்டு போன் திரையில் கீழே படமெடுப்பதுதான் மோசம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில், 115 அடி உயரத்தில், நடுவே நின்று எட்டிப் பார்க்கும்போதும் இதே கதை.

கண்ணை மூடினால் எனக்கு ஒரு படமும் வராது. அம்மா முகம்கூட. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் எந்தக் கதவு எந்த அறைக்கு என்று சொல்லுவேன். எப்படி?
– வாசகி, தக்கலை

மனப்படம் வேறு, இடவுணர்வு வேறு. படமே வராதவர்கள் உண்டு என்று கால்டன் 1880-இல் எழுதினார். ஆடம் ஸீமன் 2015-இல் அதற்கு 'அஃபாண்டேசியா' என்று பெயர் வைத்தார். நோய் அல்ல. உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை சன்னல் என்று எண்ணிப் பாருங்கள். படம் ஒன்றும் தெரியாமலே, வாசலில் தொடங்கி அறை அறையாக நடந்து எண்ணி முடித்துவிடுவீர்கள்.